மண்ணுக்குள் ஒரு கணக்கெடுப்பு

பயிரழிவுச் செய்திகளில் குற்றவாளிகள் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவர்கள். வரட்சி, வெள்ளம், வெட்டுக்கிளி, உரத் தட்டுப்பாடு. பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் உழன்றவன் என்ற முறையில் நான் கவனித்தது இது: கண்ணுக்குத் தெரியாத எதிரிக்குத் தலைப்புச் செய்தியில் இடமில்லை. தானிய வயல்களின் நூற்புழுக்கள் அத்தகையவை.

1743இல் இங்கிலாந்தின் நீடாம் என்ற அறிஞர், கருகிச் சுருங்கிய கோதுமை மணிகளைப் பிளந்தார். உள்ளே வெண்ணிற நார்த்திரள். அதில் நீர் விட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது நார்கள் நெளியத் தொடங்கின. பயிரைத் தாக்கும் நூற்புழு ஒன்று அறிவியற் பதிவில் இடம்பெற்ற முதற் சந்தர்ப்பம் அதுவே.

மணிக்குள் இருப்பதைப் பிளந்து பார்க்கலாம். மண்ணுக்குள் இருப்பதை எவ்வாறு எண்ணுவது? ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய பேர்மன் என்ற மருத்துவர் 1917இல் ஓர் எளிய வழி கண்டார். அவர் தேடியது மனிதரைத் தாக்கும் கொக்கிப்புழுவை. நீர் நிரம்பிய புனலில் துணியிலிட்ட மண்ணை வைத்தால், புழுக்கள் நீருக்குள் நகர்ந்து அடியில் சேரும். பயிர் ஆய்வாளர்கள் அந்தப் புனலை இன்றும் பயன்படுத்துகின்றனர். ஆனால் நகராத முட்டைக்கூடுகளுக்கு அது உதவாது. அவற்றை உலர்ந்த மண்ணிலிருந்து நீரில் மிதக்கவிட்டுச் சல்லடையில் பிடிக்க வேண்டும்.

இந்த நுணுக்கம் எத்துணை முக்கியமானது என்பதை இராஜஸ்தான் காட்டியது. அங்கே சிகார் மாவட்டத்து நீம்-கா-தானாவில் கோதுமையும் பார்லியும் திட்டுத்திட்டாக மஞ்சளித்துக் குன்றின. விவசாயிகள் அதனை 'மொல்யா' என அழைத்தனர். பார்வைக்கு அது உரமில்லாத பயிர் போன்றே இருக்கும். வேரைத் தோண்டியவர்கள் 1958இல் உண்மையைப் பதிவு செய்தனர்: காரணம் தானியக் கூட்டு நூற்புழு. பெண்புழு இறந்தபின் அதன் உடலே கெட்டியான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளை ஆண்டுக்கணக்கில் மண்ணில் காக்கிறது. உரத்தைக் கொட்டினாலும் அது அகலாது.

பின்வந்த கணக்கெடுப்புகள் ஹரியானா, பஞ்சாப் வரை அதன் பரவலைக் காட்டின. பரிகாரமும் அவற்றிலிருந்தே பிறந்தது. கோதுமைக்குப் பதில் கடுகு, கடலை பயிரிட்டால் புழுவுக்கு உணவில்லை. கோடையில் ஆழ உழுதால் வெயில் கூடுகளை வாட்டுகிறது. எதிர்ப்புள்ள பார்லி, கோதுமை இனங்களும் உருவாக்கப்பட்டன.

எண்ணாமல் நஞ்சு தெளிப்பதன் விலை என்ன என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள் மலடாகியிருந்தமை 1977இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. மேலும், மண்ணிலுள்ள நூற்புழுக்கள் யாவும் பகைவரல்ல. பற்றீரியாவையும் பூஞ்சணத்தையும் உண்டு, பயிருக்கான ஊட்டத்தை விடுவிப்பவை ஏராளம். 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று 6,500க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளைக் கொண்டு, மேல்மண்ணின் நூற்புழுக்களை 44 இலட்சம் கோடி கோடி என மதிப்பிட்டது.

அந்தப் பெருங்கூட்டத்தில் பகைவனை மட்டும் பிரித்தறிவது, மண்ணைக் கழுவி, சலித்து, எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு சிலரின் பணி. அதற்குப் பரபரப்பில்லை, ஒதுக்கப்படும் நிதியும் குறைவு. ஆயினும் அவர்கள் எண்ணாத வயலில் விவசாயி தன் விதியையே நொந்துகொள்வான். அல்லது கடன்பட்டு, பயனற்ற உரத்தை வாங்குவான். காரணத்தின் பெயரை அறிவது அவனுக்குரிய உரிமை என்றே நான் கருதுகிறேன்.