சம்மதம் கேட்டு நிற்கும் உரிமை

பெண்ணடிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன உடன்கட்டையும் குழந்தை மணமும் கைம்பெண்ணின் தலை மழித்தலுமேயாம். இவை நம் ஊரில் இல்லை. ஆதலின் பெண்ணடிமையும் இங்கில்லை என்று பெரியவர் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். "எங்கடை பெண்பிள்ளைகளுக்கு என்ன குறை? வீடும் வளவும் அவர்கள் பேரிலைதானே எழுதிக் குடுக்கிறம்?" என்பது நாம் பல திண்ணைகளிற் கேட்ட வாதம். இவ்வாதம் வெறும் வீம்பன்று. இதிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை ஆராய்வதே நம் நோக்கம். அதற்கு முதலில் இங்கிலாந்து வரை செல்லவேண்டியிருக்கிறது. கொடுமை வேறு, அடிமை நிலை வேறு என்பதைத் தெளிவாக எடுத்துரைத்த நூல்கள் இரண்டு அங்கே எழுந்தன.

முதல் நூல் 1792ஆம் ஆண்டில் மேரி வோல்ஸ்ரன்கிறாவ்ற் அம்மையார் எழுதிய பெண்ணுரிமை நூல். அம்மையார் செல்வ வீட்டிற் பிறந்து பொழுதுபோக்காக எழுதியவரல்லர். இலண்டனுக்கு அண்மையிற் பாடசாலை நடத்திப் பார்த்தவர்; அயர்லாந்திற் பிரபு குடும்பமொன்றிற் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவர். அக்காலத்தில் உறூசோவின் "எமீல்" என்னும் கல்வி நூல் (1762) ஐரோப்பா எங்கும் கொண்டாடப்பட்டது. மனிதனின் சுதந்திரத்தைப் பாடிய அப்பேரறிஞர், எமீலுக்கு மனைவியாக வரவேண்டிய சோபியின் கல்வியைப் பற்றிப் பேசும்போதுமட்டும், ஆடவனை மகிழ்விப்பதே பெண் கல்வியின் பயன் என்று வரையறுத்தார். அம்மையாரின் கோபம் இங்கேதான் மூண்டது. பிறருடைய தயவில் வாழப் பழக்கப்பட்டவள் அறத்தைக் கற்பதில்லை, தந்திரத்தையே கற்கிறாள். முகம் பார்த்து நடக்கவும் அழுது காரியம் சாதிக்கவும் பழகுகிறாள். பின்னர் அதையே பெண்ணின் இயல்பு என்று ஆடவர் பழிக்கின்றனர் என்பது அவர் வாதம். எசமானன் நல்லவனாயிருந்தாலும் இந்நிலை மாறாது. நல்லவனாயிருப்பதும் இல்லாதொழிவதும் அவன் விருப்பமாயிருக்கும் வரை, அவளது நல்வாழ்வு அவளுடையதன்று.

அம்மையார் 1797இல் மகளொருத்தியைப் பெற்றுச் சில நாட்களில் மறைந்தார். மறு ஆண்டு அவர் கணவர் கொட்வின், மனைவியின் வாழ்க்கையை ஒளிவு மறைவின்றி எழுதி வெளியிட்டார். அதன்பின் உலகம் அவர் நூலை விட்டுவிட்டு அவர் நடத்தையைப் பற்றிப் பேசலாயிற்று. வாதத்துக்கு விடை கிடையாதபோது வாதித்தவளின் ஒழுக்கத்தை ஆராயும் வழக்கம் நம்மூருக்கும் புதிதன்று.

மற்ற நூல் ஜோன் ஸ்ருவாட் மில் 1869இல் வெளியிட்டது. அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் விவாகமான பெண்ணுக்குத் தனியாள் என்ற நிலையே இல்லை. அவளது அசையும் பொருளும் உழைத்த கூலியும் கணவனுக்கே உரியன. மில் தாம் 1851இல் ஹரியற் ரெயிலர் அம்மையாரை விவாகஞ் செய்தபோது, சட்டம் தமக்குத் தரும் அதிகாரங்களை ஏற்க மனமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார். 1867இற் பாராளுமன்றத்திற் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு 73 வாக்குகளே கிடைத்தன, எதிராக 196.

அவர் நூலின் வாதங்களுள் ஒன்று நமக்கு மிகப் பயன்படுவது. "நல்ல கணவன்மாரும் உளரே" என்று சொல்வோருக்கு அவர் விடை இது: சட்டம் நல்லவரை எண்ணிச் செய்யப்படுவதன்று. எந்தத் தகுதிச் சோதனையும் இன்றி எல்லா ஆடவருக்கும் இந்த அதிகாரம் கொடுக்கப்படுகிறது. ஆதலின் தீயவன் கையில் அஃது என்ன ஆகும் என்பதைக் கொண்டே அதை அளக்கவேண்டும். பெண்ணின் இயல்பு இன்னதென்று யாருக்கும் தெரியாது, ஏனெனில் கட்டுண்ட நிலையிலன்றி அவளை எவரும் கண்டதில்லை என்பதும் அவர் கூறியதே. ஆயினும் மில்லை முழுவதும் ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை. கணவன் சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்ப்பதே பொதுவிற் பொருத்தம் என்று அவர் எழுதினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஹரியற் அம்மையார் பெண்ணும் உழைத்துப் பொருளீட்ட வேண்டுமென்று துணிந்து எழுதியிருந்தார். அன்றியும் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கும்பனியில் உத்தியோகம் பார்த்தவர். பெண்ணைக் கேளாமல் அவளை ஆளலாகாது என்றவர், இந்தியரைக் கேளாமல் இந்தியாவை ஆள்வதில் அத்துணைக் குற்றங் காணவில்லை.

இனித் திண்ணை வாதத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்தார் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அதுவே தேசவழமை. அதில் கணவனின் முதுசம் வேறு, மனைவியின் சீதனம் வேறு, இருவரும் கூடித் தேடிய தேட்டம் வேறு. இங்கிலாந்துப் பெண் தன் சம்பாத்தியத்தைத் தனதென்று சொல்ல 1870ஆம் ஆண்டுச் சட்டமும், தன் சொத்து முழுவதையும் தனதென்று சொல்ல 1882ஆம் ஆண்டுச் சட்டமும் பிறக்கவேண்டியிருந்தது. நம் பாட்டிமாருக்கோ அதற்கு எவ்வளவோ முன்னரே காணி அவர்கள் பேரிலிருந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் பேரில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்லவே. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளை வரையறுத்தது. அதன்படி விவாகமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச்சொத்தே. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், மரணசாதனம் எழுதலாம். காணி பூமியையோ உயிரோடிருக்கும்போது விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டுமென்ற விதி அங்கில்லை. 1923இல் இலங்கையின் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு இத்தகைய தளைகள் நீக்கப்பட்டன. தேசவழமைக்குட்பட்டோரை அச்சட்டம் தொடவில்லை. 1911இல் எழுதிய அவ்வாசகம் நூறாண்டுக்கு மேலாக நின்று வந்திருக்கிறது.

கணவன் கைவிட்டவனாயின், அல்லது இருக்குமிடம் தெரியாதவனாயின், அல்லது நியாயமின்றி மறுப்பானாயின், மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் வழி வைத்துள்ளது. வழி இருக்கிறதென்பது உண்மை. ஆனால் போர் முடிந்த 2009இன் பின்னர், கணவன் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமற் காத்திருந்த பெண்கள் வடக்கில் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருத்தி, தாய் கொடுத்த காணியை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்க நினைத்தால், முதலில் நீதிமன்றப் படியேறி, தன் காணிக்குத் தானே அனுமதி கேட்கவேண்டும். அவளை யாரும் அடிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. வோல்ஸ்ரன்கிறாவ்ற் அம்மையார் சொன்னது இந்த நிலையைத்தான்.

கல்வி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாருக்கும் ஒரு வார்த்தை. மிசன் பாடசாலையிற் படித்த நாம் அக்கல்விக்கு நன்றியுடையோம். அமெரிக்க மிசனார் உடுவிலில் 1824இற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது பெருஞ் செயல். ஆயினும் வட்டுக்கோட்டைச் செமினறியிற் படித்த வாலிபர்க்கு ஏற்ற கிறிஸ்தவ மனைவியரை ஆக்குவது அவர்கள் கருத்துக்களுள் ஒன்றாயிருந்தது. சைவர்களுக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் பெண்கள் கல்லூரி நிறுவினார். சைவக் குடும்பத்துக்கேற்ற குலமகளிரை ஆக்குவது அதன் நோக்கம். சமயம் இரண்டாயினும் கேள்வி ஒன்றே: இவள் எப்படிப்பட்ட மனைவியாவாள்? உறூசோவின் சோபி உடுவிலிலும் மருதனார்மடத்திலும் உலாவினாள் என்று சொன்னால் பெரியோர் நம்மேற் சினங்கொள்ளலாகாது.

இராமநாதன் துரையை நாம் குறைத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியதே அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நிலத்தில். ஆயினும் டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திற் சர்வசன வாக்குரிமையையும் பெண்கள் வாக்குரிமையையும் உறுதியாக எதிர்த்தவர் அவர். தாமே கல்லூரி கட்டிப் படிப்பித்த பெண், வாக்குச் சீட்டில் அடையாளமிடத் தகுதியற்றவள் என்று அத்துணைப் பெரிய அறிவாளி எவ்வாறு கருதினார்? அவர் பெண்களை வெறுத்தவரல்லர். அன்போடு காப்பவரே பெண்ணின் விருப்பத்தையும் தாமே வைத்துக்கொள்வர் என்பதற்கு அவரினும் நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

1927 டிசம்பரிற் கொழும்பிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் காரியதரிசி அக்னெஸ் டி சில்வா அம்மையாரிடம், தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று டொனமூர் பிரபு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று அம்மையார் விடையிறுத்தனர். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே ஆணைக்குழு வாக்கைச் சிபார்சு செய்தது. பின்னர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொன்றென வயது சமமாயிற்று. இங்கிலாந்துப் பெண்கள் ஆடவரோடு சமமாக வாக்குப் பெற்று மூன்றே ஆண்டுகளில், 1931இல், இலங்கைப் பெண்களும் பெற்றனர். தோட்டத்துப் பெண்கள் பெற்ற வாக்கோ 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவர்கள் ஆடவரின் வாக்கோடு சேர்ந்து பறிபோயிற்று.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மற்றொரு தாமதம் காத்திருந்தது. 1931இல் முழுச் சுயராச்சியம் வேண்டி வாலிபர் மாநாட்டார் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர். அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கமலாதேவி சட்டோபாத்தியாய் என்னும் பெண்மணியே என்பதையும் சொல்லவேண்டும். வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. வாக்குப் பெற்ற பெண்கள் அதைப் பயன்படுத்த 1934ஆம் ஆண்டு வரை காத்திருந்தனர்.

அவ்வாண்டு வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய பெண்ணொருத்தி, தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க எண்ணி நொத்தாரிசிடம் போயிருந்தால், அவர் முதலிற் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, "உம்முடைய மனிசன் வந்திருக்கிறாரோ?" என்பதே.