பாரன் தீவின் எரிமலை: ஒரு சரித்திர ஆராய்ச்சி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், வடகரப்பதியைச் சூழ்ந்த ஊர்களின் கரிசற் காடுகளைக் காண்பவர்கள், தக்காணத்துக் கரிசல் எரிமலைக்குழம்பு உறைந்த பாறையிலிருந்து உண்டானது என்று பள்ளியில் கற்றதை நினைத்து, இப்பிரதேசத்திலும் முன்னொரு காலத்தில் எரிமலை கனன்றிருக்குமோ என்று ஐயுறுவது இயற்கையே. ஆனால் இங்குள்ள அடிப்பாறை மிகப் பழமையான நைஸ் வகையைச் சேர்ந்தது; மழை குறைந்த இப்பகுதியில் அது நெடுங்காலம் சிதைந்தமையாலேயே இம்மண் கறுத்தது. இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் எரிமலையை இந்திய நாட்டிற் காண விரும்புவோர் அந்தமான் கடலுக்கே செல்ல வேண்டும். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் குடியிருப்பு இல்லாத பாரன் தீவில் அது இருக்கிறது. அம்மலையைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அவ்வளர்ச்சி நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் அமைப்பும் தோற்றமும்

சுமார் மூன்று கிலோமீட்டர் குறுக்களவுள்ள இத்தீவு, கடலடியிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலாக எழுந்து நிற்கும் ஒரு பெரும் மலையின் சிகரமேயாகும். நீருக்கு மேல் அதன் மிகவுயர்ந்த இடம் 354 மீட்டர்தான். பண்டைய மலையின் உச்சி சிதைந்ததனால் உண்டான அகன்ற பெருவாயை வட்டச் சுவர் போன்ற விளிம்பு சூழ்ந்திருக்க, அதன் நடுவே பிற்காலத்திற் குவிந்த சாம்பற் கூம்பு நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் அச்சுவர் உடைந்திருப்பதால், கூம்பிலிருந்து வழியும் குழம்பு அவ்வழியே கடலைச் சென்றடைகிறது.

இந்தியப் புவித்தட்டு கிழக்கே பர்மாத் தட்டின்கீழ் அமிழ்ந்துகொண்டிருப்பதே இம்மலையின் பிறப்புக்குக் காரணம். அமிழும் தட்டிலுள்ள கனிமங்கள், ஆழத்தின் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் தம்முள் அடங்கிய நீரை வெளியிட, அந்நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. இங்ஙனம் உருகிய பொருள் மேலெழுந்து பசால்ட்டுக் குழம்பாக வெளிப்படுகிறது. சுமத்ராவின் எரிமலைகளும், வடக்கேயுள்ள நார்கொண்டம் தீவும், மியான்மரின் பொப்பா மலையும் இதே வரிசையைச் சேர்ந்தவை.

மாலுமிகளின் சாட்சியம்

இராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேற் சென்றது. அவ்வெற்றியைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரத்தை (நிக்கோபார்த் தீவுகளை) குறிப்பிடுகிறதேயன்றித் தீமலை எதனையும் சுட்டவில்லை. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் வெடிப்புச் செய்தி 1787ஆம் ஆண்டிற்குரியது. 1789இல் இத்தீவுக்கு வந்த கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர், மூன்று நான்கு டன் எடையுள்ள செந்தழற் கற்கள் மேலே வீசப்பட்டதைக் கண்டெழுதினார். அவருடைய குறிப்பு, கோல்புரூக் எழுதிய கட்டுரையின் வாயிலாக 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் 1795இல் வெளியாயிற்று.

பிளேர் கூம்பின் உயரத்தை ஏறத்தாழ 1,800 அடி என்று மதிப்பிட்டார். 1884இல் இத்தீவை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வெளியீடாகத் தம் நூலைத் தந்த எஃப்.ஆர். மாலெட் காலத்து அளவையிலோ அது 1,000 அடியைச் சிறிதே தாண்டியது. இடைக்காலத்தில் கூம்பு இடிந்து தாழ்ந்ததென்று இதனைக் கொண்டு முடிவுகட்டலாகாது. தீவின் பிற பகுதிகளும் அதே 1,800 அடி உயரமுடையவை என்று பிளேரே கூறுகிறார். ஆனால் 354 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,160 அடி உயரமே உள்ள விளிம்புச் சுவர், நூறாண்டுக்குள் அறுநூறு அடி தேயக் கூடியதன்று. ஆகவே மாறியது மலையன்று, அளவையே என்று கொள்வதுதான் பொருத்தம்.

மௌனமும் மறுவிழிப்பும்

1832க்குப் பின்னர் மலை அடங்கிற்று. இறங்குதுறையருகே பாறையினின்று சுரந்து கடலோடு கலந்த வெந்நீர், முற்காலப் பிரயாணிகளுக்குத் தொடவொண்ணாத கொதிப்புடன் இருந்தது. மாலெட்டின் காலத்திற்குள் அதன் வெப்பம் கணிசமாகக் குறைந்திருந்தது. இத்தகைய குறிகளால், மலை நீங்காத் துயிலில் ஆழ்ந்ததென்ற எண்ணம் வலுப்பெற்றது. அவ்வெண்ணத்தை 1991 மார்ச்சில் தொடங்கிய வெடிப்பு 159 ஆண்டுகளுக்குப் பின் பொய்யாக்கிற்று. பல மாதங்கள் நீடித்த அவ்வெடிப்பின் குழம்பு, பெருவாயை நிரப்பி மேற்கே கடலையும் எட்டியது. 1994ஆம் ஆண்டின் இறுதியிலும் 2005 மே மாதத்திலும் மலை மீண்டும் கனன்றது. 2017 ஜனவரியில், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் 'சிந்து சங்கல்ப்' கப்பலில் இருந்தவர்கள் பகலில் சாம்பலையும் இருள் சூழ்ந்தபின் செங்குழம்பு ஊற்றுகளையும் கண்டார்கள். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் நிகழ்ந்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாளின் பூகம்பமே 2005ஆம் ஆண்டு வெடிப்பைத் தூண்டிற்று என்ற அபிப்பிராயம் உண்டு. காலத்தின் அண்மை அதற்கு இடந்தருகிறது. எனினும் 1991, 1994 ஆண்டுகளின் வெடிப்புகள் அப்பூகம்பத்திற்கு முந்தியவை ஆதலின், மலையின் விழிப்புக்கு அதனையே மூலகாரணமாகக் கொள்வது இயலாது.

கடலடிச் சான்று

மனிதரின் ஏடுகள் இருநூற்றைம்பது ஆண்டுகளைக்கூட எட்டாத நிலையில், அவற்றுக்கு அப்பாற்பட்ட சரித்திரத்தைக் கடலடிச் சேறு காத்து வைத்திருக்கிறது. தீவின் தென்கிழக்கே துளைத்தெடுத்த படிவத்தில், கடந்த 72,000 ஆண்டுகளுக்குள் படிந்த ஏழு சாம்பற் படலங்களை ஆராய்ச்சியாளர் இனங்கண்டனர். ஆர்கான் முறையில் கணித்ததில், நீருக்கு மேலுள்ள பழைய பாறைகள் சற்றேறக்குறைய 16 இலட்சம் ஆண்டு வயதுடையவை எனத் தெரிந்தது. இவ்வளவைகொண்டு நோக்கினால், நாம் துயிலெனக் கருதிய 159 ஆண்டுகள் இம்மலையின் ஆயுளில் பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகும்.

முடிவு

இவ்வாராய்ச்சியால் பெறப்படும் உண்மை இரண்டு. வெடிப்புகளின் பட்டியல் மலையின் செயலை மட்டுமன்றிக் காண்பவரின் வரவையும் பொறுத்தது. கப்பல் வாராத ஆண்டை அமைதியான ஆண்டென்று எண்ணுதல் கூடாது. அன்றியும், எரிமலையின் மௌனம் அதன் முடிவுக்குச் சான்றன்று. வானிலிருந்து நோக்கும் செயற்கைக்கோள்களும் அவ்வப்போது கடந்து செல்லும் கப்பல்களும் தரும் செய்தியோடு திருப்தியடையாமல், நில அதிர்வையும் வாயுக்களையும் இடைவிடாது அளக்கும் கருவிகளை அத்தீவிலேயே நிலைபெறச் செய்து பேணுவது, நம் நாட்டு அறிவியல் நிறுவனங்கள் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.