ஊர் தேடியவர்கள் – 14: நான்சென் கொடுத்த காகிதம்

ஸ்மிர்னா துறைமுகம் எரிந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் லோசான் மாநாட்டுக்குள் நுழைய வேண்டும். 1923 ஜனவரி 30 அன்று கிரேக்கமும் துருக்கியும் தங்கள் குடிமக்களை மாற்றிக்கொள்ளக் கையெழுத்திட்ட இடம் அது. அந்த யோசனையை மாநாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஃப்ரித்யோஃப் நான்சென். சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர், நார்வேக்காரர், அதற்கெல்லாம் முன்பு பனிக்கடலில் உயிரைப் பணயம் வைத்தவர். இந்த மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் லோசானைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்க அவர் வகுத்த திட்டமே அவர் யார் என்று சொல்லிவிடும். அவருக்கு முன் முயன்றவர்கள் மக்கள் குடியிருக்கும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, முடியாதபோது அங்கேயே திரும்பினார்கள். நான்சென் ஐந்து பேருடன் கிழக்குக் கரையில் இறங்கினார். பின்வாங்கினால் ஒதுங்கக் கூரை கிடையாது. மேற்கே நடந்து தீர்த்தால்தான் உயிர். 1893-இல் இதைவிடத் துணிந்தார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி ‘ஃப்ராம்’ என்ற கப்பலைக் கட்டுவித்து, அதைத் தானாகவே பனிக்கட்டிக்குள் உறையவிட்டார். நீரோட்டம் கப்பலை வடதுருவத்தின் பக்கம் இழுத்துப்போகும் என்பது அவர் கணக்கு. போதிய அளவு இழுக்கவில்லை என்று தெரிந்ததும், 1895 மார்ச்சில் யால்மர் யோஹான்சென் என்ற ஒரே துணையோடு, நாய்களும் சறுக்கு வண்டிகளும் தோல் படகுகளுமாகக் கப்பலைவிட்டு இறங்கினார். கப்பலோ நகர்ந்துகொண்டே இருப்பது. மறுபடி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதுவரை எந்த மனிதனும் எட்டாத 86 பாகை 14 கலை வரை போய்த் தெற்கே திரும்பினார்கள். கல்லை அடுக்கி, கடற்பசுவைப் போன்ற பெரிய வால்ரஸின் தோலைக் கூரையாக்கி, கரடி இறைச்சி தின்று ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அடுத்த கோடையில், இருந்த சொத்தெல்லாம் ஏற்றிய படகுகள் கட்டவிழ்ந்து மிதந்து போயின. நான்சென் உறைநீரில் குதித்து நீந்திப் போய்ப் பிடித்தார். பிடிக்காவிட்டால் இருவருக்கும் அங்கேயே முடிவு.

திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொண்ட இந்த மனிதரிடம்தான், வழியை மற்றவர்கள் அடைத்துவிட்ட மக்களின் பொறுப்பு வந்து சேர்ந்தது. 1921 டிசம்பரில் சோவியத் அரசு, நாட்டைவிட்டு ஓடியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய ரஷ்யர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிக் கான்ஸ்டான்டிநோபிளிலும் பெர்லினிலும் பாரீஸிலும் அலைந்தார்கள். நான்சென் அவர்களுக்கு நிலம் கேட்கவில்லை. 1922 ஜூலையில் ஜெனீவாவில் ஓர் அடையாளச் சான்றுக்கு அரசுகளின் சம்மதத்தைப் பெற்றார். இவர் இன்னார், ரஷ்ய வம்சாவளியினர், வேறு குடியுரிமை பெறாதவர் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நான்சென் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்ற அந்தக் காகிதத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. ஓவியர் ஷாகாலும் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் அதை வைத்திருந்தார்கள். 1924-இல் ஆர்மீனியர்களுக்கும் அது கிடைத்தது. இதைக் குறைசொல்பவர்கள் அன்றும் உண்டு. வேலைக்கான உரிமை அதில் இல்லை. கொடுத்த நாடே திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்ற உறுதிகூடத் தொடக்கத்தில் இல்லை. எழுத்தாளர் நபகோவ் அந்தப் பச்சைத் தாளை அவமானமாகவே நினைத்தார். எல்லாம் உண்மை. ஆனாலும் எல்லையில் நிற்பவனுக்கு முதல் தேவை, தான் யார் என்று இன்னொரு நாட்டுக் காவலர் நம்பும்படி ஒரு சான்று. உன் ஊர் எது என்பதை அந்தக் காகிதம் தீர்மானிக்கவில்லை. அதைத் தேடிப்போக அவனையே விட்டது. அதன் பெருமை அதுதான் என்பேன்.

லோசானில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே அரசுகளே ஊரைத் தீர்மானித்தன, அதுவும் மதத்தை வைத்து. துருக்கி மொழி மட்டுமே பேசிய கப்படோக்கியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கர்களாக்கப்பட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியராக்கப்பட்டார்கள். கையெழுத்தாகும் முன்பே பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், ஒப்பந்தம் நடந்ததைப் பதிவு செய்தது, அவ்வளவே என்று வாதிடுவோர் உண்டு. ஸ்மிர்னாவிலிருந்து தப்பியவர்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. போர் எட்டாத கப்படோக்கியாவில் வீட்டோடு இருந்தவர்களுக்கும், கிரேக்கத்தில் நிலம் உழுதுகொண்டிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கும் அது பொருந்தாது. அவர்களைக் கிளப்பியது கையெழுத்துதான். ‘கட்டாயம்’ என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தது யார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நான்சென் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. அந்தப் பொறுப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை அதற்காக மறைக்க முடியாது. சொந்த நாடு சேர்ந்தார்கள் என்று சொல்லப்பட்டவர்களைக் கிரேக்கத்தில் ‘துருக்கி வித்து’ என்றும், துருக்கியில் ‘அரைக் காஃபிர்’ என்றும் ஏசினார்கள்.

மாற்றப்பட்டவர்கள் அரசின் அனுமதியில்லாமல் பழைய நாட்டுக்குத் திரும்பிக் குடியேறக் கூடாது என்கிறது அந்த உடன்படிக்கையின் முதல் விதி. அடுத்த இதழில் அந்த விதியிலிருந்து தொடங்குவோம்.