பாம்பெயில் கிடைத்த 'மஹாலக்ஷ்மி'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மும்பைக் கிளை அன்பர்கள் தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். இது இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், கி.பி. 79-ல் வெஸூவியஸ் எரிமலை புதைத்த பாம்பெய்.

சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசும்போது, "ரோமானியர் வீட்டில் நம் மஹாலக்ஷ்மிக்குப் பூஜை நடந்திருக்கிறது, விக்ரஹமே கிடைத்திருக்கிறது" என்று முழங்கினேன். பலத்த கரகோஷம். எங்கேயோ படித்ததைச் சொன்னேனே தவிர, நேரில் பார்த்ததில்லை. ஆகவே பிள்ளை ஏற்பாடு செய்த உல்லாசக் கப்பல் நேப்பிள்ஸில் ஒரு நாள் நிற்கும் என்றதும், அந்த அம்பாளைத் தரிசித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கப்பல்காரர்களின் பஸ்ஸில் போனால் அருங்காட்சியகம் கிடையாது. தனிக் காரும் வழிகாட்டிப் பெண்மணியும் ஏற்பாடு செய்துகொண்டோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நம் கார் தாமதமானால் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும். மாலை ஐந்துக்குள் திரும்பியாக வேண்டும். என் சகதர்மிணிக்கோ முழங்கால் வலி.

பாம்பெயின் தெருக்களில் கருங்கல் பாவியிருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. மழைநீரில் கால் படாமல் தெருவைக் கடக்க நடுவே உயரமான கற்கள். இடையில் சக்கரம் போக இடைவெளி. எரிமலைக் கல்லில் செய்த மாவு ஆட்டும் இயந்திரங்களோடு ஒரு ரொட்டிக்கடை. 1862-ல் இப்படி ஒரு கடையின் அடுப்பிலிருந்து 81 ரொட்டிகளைக் கரிக்கட்டையாக எடுத்தார்களாம். "அடுப்பில் வைத்ததை எடுக்காமலேயே ஓடியிருக்கா பாருங்கோ" என்றாள் இவள். அதற்குப் பிறகு சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

சாம்பலில் புதைந்தவர்களின் உடல் மக்கிப்போய், அந்த வடிவத்தில் வெற்றிடம் மட்டும் எஞ்சியிருந்தது. 1863-ல் ஃபியோரெல்லி என்பவர் அதில் சுண்ணச்சாந்தைக் கரைத்து ஊற்றி உருவங்களை மீட்டார். முகத்தை மூடிக் குந்தியிருக்கும் ஒருவரைப் பார்த்தபின் மதியச் சாப்பாட்டுக்கென்று கொண்டுபோயிருந்த தட்டை இறங்கவில்லை.

எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2018-ல் ஒரு சுவரில் அக்டோபர் 17-ஐக் குறிக்கும் கரி எழுத்து கிடைத்ததும், இலையுதிர்காலம்தான் என்ற கட்சி வலுத்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அச்சான தேதிக்கே இந்த கதி என்றால் என் சொற்பொழிவு எம்மாத்திரம்!

மணி இரண்டு. இவளால் இனி நடக்க முடியாது. "கப்பலுக்கே போயிடலாமா?" என்றேன், மனசில்லாமல். "இவ்வளவு தூரம் வந்து அம்பாளைப் பார்க்காமலா? கார்தானே போறது" என்றாள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு விட்டோம்.

சிலை இருந்தது, சிருங்காரப் பொருள்களைத் தனியே பூட்டி வைத்த 'ரகசிய அறை'யில்! இவள் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். ஒரு ஜாண் உயரத்துக்குச் சற்று அதிகமான தந்தச் சிலை. 1938-ல் பாம்பெயின் பெரிய தெரு ஒன்றிலிருந்த வீட்டில் கிடைத்தது. முழங்கை வரை வளையல், காலில் தண்டை, ஏராளமான நகை. ஆடை என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அலங்காரச் சாமான் ஏந்திய சின்னப் பெண்கள்.

"தாமரை எங்கே? யானை எங்கே?" என்று இவள் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. வழிகாட்டி, சிலையின் உச்சியிலிருந்து செங்குத்தாகத் துளை போகிறது என்று காட்டினார். கண்ணாடியின் கைப்பிடியாகவோ, சிறு மேஜையின் காலாகவோ இருந்திருக்கலாமாம். யக்ஷி என்று கருதுவோரே அதிகம். அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருக்கிறது. அது வடமேற்கு இந்தியாவில் வழங்கிய லிபி. இதை ஒத்த தந்தச் சிலை மஹாராஷ்டிரத்தின் போகர்தனில் அகழ்வில் கிடைத்திருக்கிறது. ஆக, இந்தியப் பொருள்தான், சந்தேகமில்லை. பூஜை விக்ரஹம் என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

எனக்கு வருத்தம்தான். ஆனால் உள்ள விஷயமே போதுமே! முசிறித் துறைமுகத்தைத் தம் நூலில் குறிப்பிட்டு, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பிய மூத்த பிளினி, இதே வெஸூவியஸ் வெடித்தபோது கப்பலோடு மக்களை மீட்கப் போய்க் கரையிலேயே மாண்டார். அவர் புலம்பிய அந்த வியாபாரத்தில் போன சரக்கு ஒன்று எரிமலைக்கடியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

நாலே முக்காலுக்குத் துறைமுகம் சேர்ந்தோம். என் அன்றைய பேச்சின் ஒலிப்பதிவு வைத்திருக்கும் அன்பர்கள், பூஜை பற்றிய பகுதியை அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.