‘தினம் ஒன்று’: அந்த அளவு யார் உடம்புக்கு?

இன்றைக்கு ஒரு சின்ன கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரிஸ்கிரிப்ஷனில் டாக்டர் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதுகிறார். அந்த ‘ஒன்று’ எங்கிருந்து வந்தது? யாரோ சிலருக்கு அந்த மருந்தைக் கொடுத்து, அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வெளியேறுகிறது என்று அளந்து பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். ரொம்ப காலத்துக்கு அந்த ‘யாரோ சிலர்’ பெரும்பாலும் இளவயது, நடுவயது ஆட்கள். ஆனால் அதிகமாக மாத்திரை சாப்பிடுவது யார்? வயதானவர்கள். இந்த இடைவெளி எப்படி வெளியே தெரிந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்த எபிசோட்.

முதலில் 1975-க்குப் போவோம். டயசிபம் என்று ஒரு மாத்திரை. பதற்றத்துக்குக் கொடுப்பது, ‘வேலியம்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பிரபலம். உல்ரிக் கிளாட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் வெவ்வேறு வயதினருக்கு இதைக் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். 20 வயதில் சுமார் 20 மணி நேரம். 80 வயதில் சுமார் 90 மணி நேரம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தினம் ஒரு மாத்திரை என்றால், 20 வயதுக்காரருக்கு நேற்றைய மருந்தில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கும். 80 வயதுக்காரருக்கு முக்கால் பங்குக்கு மேல் உள்ளே இருக்கும்போதே அடுத்த மாத்திரை போகிறது. ஒரே வாரத்தில் எவ்வளவு சேர்ந்துவிடும்! காரணம் எளிமையானதுதான். வயதாக ஆக உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபம் கொழுப்பில் போய்த் தங்குகிற மருந்து. இன்னொரு பக்கம், சிறுநீரகம் வடிகட்டுகிற வேகமும் குறைந்துகொண்டே வருவதால், அதன் வழியாக வெளியேறுகிற வேறு மருந்துகளும் உள்ளே அதிக நேரம் நிற்கும். ஆக, பெரியவங்க தள்ளாடி விழுந்தால் அதை ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிட முடியாது. மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

விஷயம் 1975-லேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் புது மருந்துகளைச் சோதிக்கிற முறை அதற்கேற்ப மாறவில்லை. அதன் விளைவு பிரிட்டனில் தெரிந்தது.

1980-ல் அங்கே எலி லில்லி நிறுவனத்தின் ‘ஓப்ரென்’ விற்பனைக்கு வந்தது. மூட்டுவலிக்கான மருந்து, தினம் ஒரு வேளை போதும் என்பது அதன் பெரிய வசதி. மூட்டுவலி யாருக்கு அதிகம்? வயதானவர்களுக்கு. ஆனால் அவர்கள் உடம்பில் இந்த மருந்து இளையவர்களைவிடப் பல மணி நேரம் அதிகமாகத் தங்கியது. 1982 மே மாதம், இந்த மருந்து சாப்பிட்ட முதியவர்கள் கடும் மஞ்சள் காமாலையில் இறந்ததை பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அமெரிக்காவில் ‘ஓராஃப்ளெக்ஸ்’ என்ற பெயரில் இதே மருந்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆகஸ்டில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குள் பிரிட்டிஷ் கண்காணிப்புக் குழுவுக்கு 3,500-க்கும் மேற்பட்ட பக்கவிளைவுப் புகார்கள் வந்திருந்தன. அதில் 61 மரணங்கள், பெரும்பாலும் முதியவர்கள். வெளிநாட்டு மரணங்களை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றத்தை 1985-ல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அபராதம் 25,000 டாலர்.

இதற்கெல்லாம் பிறகு, 1989-ல்தான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ஒரு மருந்தை முதியவர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் அவர்களிடமும் சோதித்துப் பாருங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

சரி, புது மருந்துக்கு வழி பிறந்தது. ஏற்கெனவே வீட்டு டப்பாவில் இருக்கிற மாத்திரைகளுக்கு?

இங்கேதான் மார்க் பியர்ஸ் வருகிறார், முதியோர் மருத்துவர். 1988-ல் அவரும் சக ஆய்வாளர்களும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 12 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 850 பேரின் மருந்துகளைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக எட்டு மருந்துகள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் மனநிலையைப் பாதிக்கும் ஏதோ ஒரு மருந்தில் இருந்தார்கள். 1991-ல் பியர்ஸ் 13 நிபுணர்களிடம் திரும்பத் திரும்பக் கருத்துக் கேட்டு, முதியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். நாம் மேலே பார்த்த டயசிபம் அதில் இருந்தது. முதலில் அது பராமரிப்பு இல்லங்களுக்கான பட்டியல். 1997-ல் 65 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், எங்கே வாழ்ந்தாலும் பொருந்தும்படி விரிந்தது. பியர்ஸ் 2009-ல் காலமானார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை இன்றும் புதுப்பித்து வருகிறது. 2023-ல் ஒரு பதிப்பு வந்தது. சளிக்கும் அலர்ஜிக்கும் நாம் சாதாரணமாக வாங்குகிற குளோர்பெனிரமின்கூட அதில் இருக்கிறது. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம் என்பதால்.

இதில் நகரத்துக்கு என்ன தனி விஷயம்? நகரத்தில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. இதயத்துக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர். தெருமுனையில் மெடிக்கல் ஷாப். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே செய்திருக்கலாம், மொத்தத்தை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். சாஃப்ட்வேரில் இது எங்களுக்குப் பழக்கமான தலைவலி: தனித்தனியாக ஓடுகிற இரண்டு பகுதிகள் சேர்த்து வைத்தால் மோதும்.

ஒரு உதாரணம். பிரஷருக்கு ஆம்லோடிபின் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். வேறொரு டாக்டர் அதைப் புது நோய் என்று நினைத்து நீர் பிரிய மாத்திரை எழுதுகிறார். அதனால் ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போக, இருட்டில் விழுகிறார்கள். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து. இந்தச் சங்கிலிக்கு 1990-களில் பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பெயர் வைத்து விளக்கினார்கள். இதே பிரஷர் மாத்திரைகளோடு கடையில் வாங்கிய வலி மாத்திரையும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்கு.

மொத்தத்தையும் பார்க்கிற மருத்துவம் நமக்குப் புதிதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது, இந்தியாவில் முதல்முறையாக.

அதனால் இந்த எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் பெரியவங்க சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்க. மாத்திரை, சிரப், சித்தா, ஆயுர்வேதம், கடையில் கேட்டு வாங்கினது, எதையும் விடாமல். அட்டையில் பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற மருந்தின் பெயரையும் படிங்க. இரண்டு பிராண்டில் ஒரே மருந்து இருக்கலாம். பையை ஒரே டாக்டரிடம் கொண்டுபோய், ‘இதில் எது இன்னும் தேவை, எதன் அளவைக் குறைக்கலாம்?’ என்று கேளுங்க. நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. டயசிபம் மாதிரி மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

61 பேர் இறந்த பிறகுதான் ஓப்ரெனை நிறுத்தினார்கள். உங்க வீட்டு டப்பாவைத் திறந்து பார்க்க அப்படி எதுவும் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாமே.