இளம் மக்கள்தொகை: கூலிம் வட்டாரத்தில் மூன்று தலைமுறை

‘ஒரு நாட்டில் இளையோர் மிகுதியாக இருப்பதன் நன்மை தீமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். உழைக்கும் கைகள் அதிகம், அதனால் நாடு முன்னேறும். வேலை கிடைக்காவிட்டால் குற்றச்செயல் பெருகும். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது! எந்தக் காலத்தில், எந்த ஊரில், யாருக்கு நன்மை என்று கேட்டால் பதில் வராது. பதிலைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கெடாவில் கூலிம் ஹைடெக் பூங்காவையும் அந்த வட்டாரத் தோட்டங்களையும் பார்த்தாலே போதும்.

தோட்டத்திலிருந்து தொடங்குவோம். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து அனுப்பும் முறையைத் தடை செய்தது. அதற்குப் பிறகு கப்பலில் புதுக் கைகள் வரவில்லை. தோட்ட லயங்களில் பிறந்த பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறைத் தொழிலாளர்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், கொஞ்சம் வளர்ந்தால் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், பிறகு அம்மாவோடு பால்மரக் காட்டில். ஆள் சேர்க்கும் செலவே இல்லாமல் நிர்வாகத்துக்கு ஆள் கிடைத்தது. இளம் மக்கள்தொகையின் ‘நன்மை’ என்று பாடநூல் சொல்வது இங்கே கம்பெனிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இளைஞர்கள் வெறும் கைகள் மட்டுமல்லவே. போர் முடிந்ததும், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், சுயமரியாதை பேசினார்கள், சம்பளத்தையும் கேட்டார்கள். 1947-இல் பீடோங்கில் போலீசோடு மோதல் ஏற்பட்டு இயக்கம் ஒடுக்கப்பட்டது. தோட்டத்துத் தாய்மார்களுக்கு அந்தப் பிள்ளைகள் குடும்பத்தைக் காப்பாற்ற வந்தவர்கள். காலனி அரசாங்கத்துக்கோ கலகக்காரர்கள். ‘இளையோர் சமூகச் சீர்திருத்தத்துக்கு உந்துசக்தி’ என்று எழுதும் மாணவர், இந்த ஒரு சான்றைச் சேர்த்தால் விடையே வேறாகிவிடும்.

அடுத்து வந்ததுதான் கஷ்டமான காலம். 1950, 60-களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயமானது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும். இதே காலத்தில் நாட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையோ மிக அதிகம். 1970 கணக்கெடுப்பில் மலேசிய மக்கள்தொகை சுமார் 1 கோடியே 4 லட்சம். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் 15 வயதுக்குக் கீழ். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள். சம்பாதிப்பவர் சிலர், சாப்பிடுபவர் பலர். சார்ந்திருப்போர் விகிதம் உயர்ந்தால் அரசாங்கப் பணம் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்குமே போய்விடும். 1966-இல் தேசிய குடும்பத் திட்ட வாரியம் தொடங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடும் வயதுக்கு வந்தபோது என்ன நடந்தது? 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. கெடாப் பக்கத்திலிருந்தும் இளம்பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். இதைத்தான் ‘மக்கள்தொகை ஈவு’ என்கிறோம். இது தானாகக் கிடைப்பதல்ல. இலங்கையைப் பாருங்கள். அங்கே இலவசக் கல்வி நம்மைவிட முன்னதாகவே பரவியது. படித்த இளைஞர்கள் பெருகினார்கள், வேலை பெருகவில்லை. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். இரு நாட்டிலும் இளையோர் மிகுதி, வித்தியாசம் வேலையில்தான்.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா அது. இன்டெல், சில்டெரா, இன்பினியோன், பர்ஸ்ட் சோலார் என்று நிறுவனங்கள் வந்தன. சிலிக்கான் தகட்டில் சில்லு செய்யும் ஆலைக்கு வெறும் கை போதாது. டிப்ளோமா வேண்டும், பொறியியல் வேண்டும். பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்து, மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டால் அந்தப் பூங்காவில் என்ன வேலை கிடைக்கும்? பாதுகாவலர், துப்புரவு, குத்தகையாளரிடம் தற்காலிக வேலை. வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் கைக்கு எட்டவில்லை. தொடக்கக் கல்வியே 2003-இல்தான் சட்டப்படி கட்டாயமானது. அதற்குள் பூங்காவுக்கு ஏழு வயது. இளையோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லி நன்மையைப் பட்டியல் போடுவது இங்கேதான் தடுமாறுகிறது.

இப்போது கணக்கு மறுபடியும் மாறிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் 15 வயதுக்குக் கீழ் நூற்றுக்கு 24 பேர்தான். பிள்ளைப்பேறு ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. உழைக்கும் வயதினர் நூற்றுக்கு 69 பேர். முதியோர் கூடக் கூட இந்தப் பங்கு குறையும். 2024 ஆகஸ்டில் இன்பினியோன் கூலிமில் தன் மூன்றாவது ஆலையைத் திறந்தது. பூங்காவிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஆக, இன்று ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1996-இல் படிப்பை நிறுத்தியவருக்குக் கிடைக்காத வாய்ப்பு உண்டு. நாடு முதுமையை நோக்கிப் போவதால் இந்த வாய்ப்புக்கும் கால அளவு உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வகுப்பு நடவடிக்கை. மாணவர்களைத் தங்கள் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள்: பாட்டி எந்த வயதில் வேலைக்குப் போனார், உடன்பிறந்தோர் எத்தனை பேர், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அதே மூன்றையும் அம்மாவிடமும் கேட்கட்டும். விடைகளைக் கரும்பலகையில் அட்டவணையாகப் போட்டுவிட்டு, அதன் பிறகு கட்டுரைத் தலைப்பைக் கொடுங்கள்.