மலைவழித் தங்கல்நடை

வழிகாட்டியோ கூடாரமோ இல்லாமல், ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்தை ஒரு பகலில் எட்டும்படி வழியைப் பகுத்துக்கொண்டு மலைநாட்டில் பல நாள் நடந்து செல்லும் பயணம். தங்குமிடம் குடிசையாகவோ சத்திரமாகவோ வனத்துறை ஓய்வில்லமாகவோ மலையேற்றச் சங்கத்தின் குடிலாகவோ இருக்கலாம். பாயும் அடுப்பும் கூரையும் முன்னால் காத்திருப்பதால் நடப்பவர் முதுகில் சுமை குறைவு. இன்று இது விடுமுறைப் பொழுதுபோக்காக அறியப்பட்டாலும், இந்தியாவில் இதன் நீண்ட வரலாறு பிழைப்பு தேடி நடந்தவர்களோடும் யாத்திரிகர்களோடும் பின்னியது.

தமிழில் தொன்மையான சான்று

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் இத்தகைய நடைக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய வழிநூல் எனலாம். 583 அடி கொண்ட இப்பாட்டை இயற்றியவர் பெருங்கௌசிகனார். பரிசில் பெற்று வரும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனின் சுற்றத்தைச் செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறான். செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். கூட வருவதற்கு ஆள் இல்லை. சொல்லி அனுப்பும் குறிப்புகளே துணை. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள், வழுக்குப் பாறைகள், பாம்புகள் என்று இடர்கள் வரிசையாக எச்சரிக்கப்படுகின்றன. இரவு தங்க வேண்டிய குறவர் சிற்றூர்களும் அங்கே கிடைக்கும் உணவும் அதே அக்கறையோடு சொல்லப்படுகின்றன. வழி பிரியும் இடத்தில் பின்வருவோர் திகைக்காதபடி நிலத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுப் போகச் சொல்வது குறிப்பிடத்தக்கது. நார்வே மலைகளில் கற்குவியல் மீது சிவப்பு வண்ணத்தில் தீட்டப்படும் வழிக்குறிகளின் வேலையும் இதுவே. மலைச்சோற்றின் சுவையில் மயங்கிப் பல நாள் அங்கேயே தங்கிவிட வேண்டாம் என்ற அறிவுரையும் பாட்டில் உண்டு.

பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலையே என்பது பரவலான கருத்து. பாட்டு உண்மையான ஒரு பாதையைத் தடம் பற்றிச் சொல்கிறதா, ஆற்றுப்படை மரபுக்கேற்பக் கட்டப்பட்ட கற்பனைப் பாதையா என்பதில் உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் ஒருமித்துப் பேசவில்லை.

இடைக்காலம்

கோயில் மடங்களும் சாலையோரச் சத்திரங்களும் பெருகிய காலம். இமயத் தலங்கள் தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் இடம்பெற்றதும் இக்காலத்தில்தான். திருக்கேதாரத்துக்குச் சம்பந்தர், சுந்தரர் பதிகங்கள் உள்ளன. வதரியாசிரமம் திவ்விய தேசம் 108இல் ஒன்று. பாடியவர்கள் நேரில் நடந்து சென்றார்களா என்பது தெளிவில்லை. வடநாட்டுத் தலங்களைச் சம்பந்தர் காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. திருப்பிரிதி என்னும் தலத்தைச் சோஷிமடம் என்று கொள்வோர் பலர். வேறிடம் சுட்டுவோரும் உள்ளனர்.

சென்னையும் சத்திரச் சாலைகளும்

தஞ்சை மராட்டியர் இராமேசுவரச் சாலையில் கட்டிய சத்திரங்கள் பற்றி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் அவற்றின் நடைமுறையை விரிவாகச் சொல்கிறது. எல்லாச் சாதியாருக்கும் உணவு, நோயுற்ற வழிப்போக்கருக்கு வைத்தியம் எனச் சத்திரத்தின் கடமைகள் அதில் அடுக்கப்படுகின்றன.

சென்னையிலிருந்து புறப்பட்ட பயணங்களுள் நன்கு பதிவானது ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரை. 1830 மே 18இல் புறப்பட்டு 1831 செப்டம்பர் 3இல் திரும்பிய அவர், தங்கிய ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர், நிழல், கடை, சத்திரம் எப்படி என்று தெலுங்கில் குறித்துவைத்தார். பல்லக்கும் பரிவாரமும் கொண்ட பயணம் அது; ஆனாலும் பின்னால் வருபவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குறிப்புகளில் தெரிகிறது.

மேற்குப் புறநகரான பூந்தமல்லி, சென்னீர்குப்பம், ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்கு இந்த மரபு அந்நியமில்லை. திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு நடக்கும் பாதயாத்திரை இன்றும் தொடர்கிறது. கோயில் மண்டபமும் கல்யாண மண்டபமும் இரவுத் தங்கலாகின்றன. இறுதியில் அலிபிரி வழியே 3,550 படிகள். சீனிவாசமங்காபுரம் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியே 2,388 படிகள். 1944இல் முதல் மலைச்சாலை திறந்த பிறகும் படிவழி கைவிடப்படாமல் இருப்பது, சாலை வந்தால் நடை அழியும் என்ற பொது விதிக்கு விலக்கு.

கேதார-பத்ரி வழியின் சட்டிகள்

தங்கல்நடை முழுமையான ஓர் அமைப்பாக இயங்கியது இமயத்தின் கடுவால் பகுதியில், ஏறத்தாழ 1820கள் முதல் 1950கள் வரை. அரித்துவாரம் அல்லது இரிஷிகேசத்தில் தொடங்கி தேவப்பிரயாகை, சீநகர், ருத்திரப்பிரயாகை வழியாகச் சென்று, மந்தாகினிக் கரையோடு குப்தகாசி, கௌரிகுண்டம், கேதாரம். அங்கிருந்து ஊகிமடம், சோப்தா, கோபேசுவரம், சமோலி, சோஷிமடம், பாண்டுகேசுவரம், பத்ரிநாதம் என்று வாரக்கணக்கில் நடப்பது வழக்கம்.

இந்த வழி நெடுகச் சில மைலுக்கு ஒன்றாக இருந்தவை சட்டிகள். முன்புறம் திறந்த, தாழ்ந்த, நீண்ட கூரைக் கொட்டகை. ஓரத்தில் ஒரு கடை. யாத்திரிகர் கடைக்காரரிடம் மாவு, அரிசி, பருப்பு, நெய், விறகு வாங்கினால் போதும். படுக்க இடமும் சமைக்க அடுப்பும் பாத்திரமும் அவர் தருவார். தங்குவதற்குத் தனிக் காசு கிடையாது. பித்தளைப் பாத்திரத்தைக் காலையில் துலக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சட்டிக்கு நடக்கலாம். இடம் இலவசம் என்று யாத்திரிகர்கள் மகிழ்ந்தாலும் வாடகை பருப்பு விலையிலேயே அடங்கியிருந்தது என்பாரும் உண்டு. மேலே போகப் போகச் சரக்கு ஆட்டின் முதுகிலும் ஆளின் முதுகிலும் வந்ததால் விலை ஏறியது இயல்பே. எப்படியாயினும், அரிசி மூட்டையும் பானையும் சுமக்காமல் ஓர் ஏழைக் கிழவி இமயத்தில் வாரக்கணக்கில் நடக்க முடிந்ததற்கு அந்தக் கடைக்காரர்களே காரணம். மலைப்பயண வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நடக்க முடியாதவர்களைக் கண்டி என்னும் முதுகுக் கூடையில் ஒருவர் சுமந்தார். வசதியுள்ளவர்கள் நால்வர் தூக்கும் தண்டியில் சென்றார்கள். மற்றவர்கள் கைத்தடியோடு குழுவாக நடந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போவதே வழி அறியும் முறை.

சட்டிகளுக்குப் பின்னணியில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, சதாவர்த்தம் எனப்பட்ட மானியம்: சில ஊர்களின் வருவாய் யாத்திரிகர் உணவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1835 வரை குமாவுன் ஆணையராக இருந்த டிரெயில் இந்த நிதியைப் பாதை அமைக்கவும் பயன்படுத்தினார். இரண்டு, இரிஷிகேசத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காளி கம்பளிவாலா அறநிலையம். கருப்புக் கம்பளி போர்த்திய சுவாமி விசுத்தானந்தர் தண்டிய நன்கொடையில் வழியெங்கும் தருமசாலைகள் எழுந்தன. சாதுக்களுக்கு இரிஷிகேசத்திலேயே சீட்டு வழங்கி, அதைக் காட்டி ஒவ்வொரு தங்கலிலும் உணவு பெறும் ஏற்பாடும் இருந்தது. இலக்குமண ஜூலாவில் கயிற்றுப் பாலம் இருந்த இடத்தில் இரும்புக் கம்பித் தொங்குபாலம் அமைந்ததும் வணிகர் அறக்கொடையால்தான். 1924 வெள்ளம் அதை அடித்துச் சென்றது. பின்னர் அங்கே மீண்டும் ஒரு பாலம் கட்டப்பட்டது.

வெள்ளமும் காலராவும் இந்த வழியை விடாமல் துரத்தின. 1893இல் பிரகி கங்கையில் ஒரு மலைச்சரிவு விழுந்து கோனா என்ற இடத்தில் பெரிய ஏரி தேங்கியது. அணை எப்போது வழிந்து உடையும் என்பதைப் பொறியாளர் புல்ஃபோர்டு முன்கூட்டியே கணித்தார். ஏரியிலிருந்து கீழே அரித்துவாரம் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. 1894 ஆகஸ்டு இறுதியில் அணை உடைந்து சீநகர் பட்டணமே அழிந்தபோதும் எச்சரிக்கை முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டதால் உயிரிழந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. அவர்கள், விலக்கியும் திரும்பிவந்த பக்கிரி ஒருவரின் குடும்பத்தினர் என்று கூறப்படுகிறது.

1918 முதல் 1926 வரை ருத்திரப்பிரயாகை வட்டாரத்தில் ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. இருட்டிய பின் வழியில் நடமாட்டமே நின்றது. 1926 மே 2இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அதைச் சுட்டது கோலாப்ராய் சட்டியின் அருகில், ஒரு மாமரத்தின் மேலிருந்து. அந்தச் சட்டியை நடத்திய பண்டிதர் முன்பு அதே சிறுத்தையின் வாயில் கழுத்தைக் கொடுத்து உயிர் தப்பியவர். கதவில்லாத யாத்திரிகர் கொட்டகைகள் எப்படியிருந்தன, மக்கள் எப்படி நெருங்கிப் படுத்தார்கள் என்பதற்குக் கார்பெட்டின் நூல் வேட்டைக் கதையைத் தாண்டிய ஆவணம்.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு இரயில் வந்தபின் வழி எளிதாயிற்று. நகரத்தார் காசியில் 1863இல் நிறுவிய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இடைத்தங்கலாக உதவியது. அரித்துவாரத்துக்கு 1886இல் இரயில் வந்தது.

பின்னர் மோட்டார்ச் சாலை ஆண்டுக்காண்டு மேலேறியது. 1962 எல்லைப் போருக்குப் பிறகு வேகம் கூடி, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பத்ரிநாதம் வரை வண்டி போனது. பல நாள் நடை ஒரு பகல் பேருந்துப் பயணமாகச் சுருங்கியதும் நடுவழிச் சட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அனுமன் சட்டி, பூல் சட்டி என்று ஊர்ப்பெயர்களில் மட்டும் அவை நிற்கின்றன. கேதாரத்துக்கு மட்டும் கௌரிகுண்டத்திலிருந்து நடை தொடர்ந்தது. 2013 சூன் வெள்ளம் அந்த வழியிலிருந்த ராம்பாடாவை அழித்தபின் பாதையின் ஒரு பகுதி மந்தாகினியின் மறுகரைக்கு மாற்றப்பட்டது.

ஐரோப்பா

ஆல்ப்ஸில் பெரிய புனித பெர்னார்டு கணவாயின் மடம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1863இல் தொடங்கிய சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் சங்கம் அதே ஆண்டில் தன் முதல் குடிலைக் கட்டியது. நார்வேயின் மலையேற்றச் சங்கம் 1868இல் தோன்றியது. ஆளில்லாக் குடில்களில் அலமாரியிலிருந்து உணவை எடுத்துக்கொண்டு கணக்கை நடப்பவரே எழுதிப் பணம் செலுத்தும் முறை அங்கே உண்டு.

தென்னக மலைகள்

கோடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் வீடு கட்டிக் குடியேறினர். அம்மையநாயக்கனூர் இரயிலடியில் இறங்கி, மாட்டுவண்டியில் இரவெல்லாம் வந்து, மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் தங்கி, விடியலில் கூலிகாட் வழியாக ஏறுவது மோட்டார்ச் சாலைக்கு முந்திய வழக்கம். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பாதையே மலைக்கு முதல் வழி என்று உள்ளூரில் சொல்வர். அடுக்கம் பக்கத்துப் பாதைக்கும் அதே உரிமை கோரப்படுகிறது. வெள்ளகவிக்குள் செருப்பு அணியும் வழக்கம் இல்லை; வருபவர்களும் ஊர் எல்லையில் கழற்றிவிட வேண்டும்.

நீலகிரியில் 1877இல் தொடங்கிய வேட்டைச் சங்கம், பிற்காலத்தில் வனவுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக மாறியது. டிரவுட் மீன் பிடிக்க வருவோருக்காக முக்கூர்த்திப் பக்கம் எழுந்த மீன்பிடிக் குடில்களும் பங்கித்தப்பால் ஓய்வில்லமும் மேட்டுநிலப் புல்வெளியைக் குடில் குடிலாகக் கடக்க வழி செய்தன. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவான பின் அந்த நடை இறுக்கமான அனுமதிக்குள் வந்தது. கோடைக்கானல், பேரிஜம், டாப் ஸ்டேஷன், மூணாறு வழித்தடத்தை இரண்டாம் உலகப்போரில் சென்னை தாக்கப்பட்டால் தப்பிச்செல்ல அமைத்த சாலை என்று பலரும் எழுதுகின்றனர். தடம் அதற்கும் முந்தியது என்ற கருத்தும் உள்ளது.

அண்மைக்காலம்

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். பழங்குடி இளைஞர் பலருக்கு இது வேலை தந்துள்ளது. தடங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் ஏறி இறங்குபவை என்பதால் தங்கல்நடை என்ற வகைக்குள் இவை அடங்கா. நேபாளமும் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியின்றி நடப்பதற்குத் தடை விதித்தது.

தனியாக நடக்க விரும்பும் தமிழருக்கு இப்போது அருகில் உள்ளது இலங்கை மலையகத்தின் பீக்கோ தடம். கண்டியருகே அந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் இது 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதி ஒரு நாள் நடை, வழிகாட்டி கட்டாயமில்லை. தேயிலைத் தொழிலாளர் காலங்காலமாக நடந்த தோட்டப் பாதைகளே தடத்தின் பெரும்பகுதி. அவர்களின் குடியிருப்புகளான லயன்களின் வாசல் வழியாகவே அது செல்கிறது.